ஏரி மீனைப் புகை போடுறது: எந்த மீன், எந்த விறகு, எவ்வளவு உப்பு?

பாகூரான் | 4 மே 2024, காலை 6.50

ஏரி மீன்ல விராலைத் தவிர வேற எதையும் புகை போட முடியாதுன்னு இங்க சந்தையில அடிச்சுச் சொல்றாங்க. கெண்டைன்னா கசந்துடுமாம், ஜிலேபின்னா சேத்து வாடை போகாதாம், கெளுத்தின்னா எண்ணெய் ஒழுகித் தீப்பிடிச்சுக்குமாம். எவ்வளவு தூரம் உண்மை? மீன்பிடித் தடைக்காலத்துல கடல் மீன் விலை ஏறிடுது. ஏரியில தண்ணி இறங்க இறங்க கெண்டையும் ஜிலேபியும் கொட்டிக் கிடக்குது. கருவாடு போடத் தெரிஞ்ச ஊருக்குப் புகை போடுறது பெரிய வித்தையா? உப்பு, விறகு, நேரம் மூணும் தெரிஞ்சவங்க எழுதுங்க.

கெடிலக்கரை | 4 மே, காலை 8.15

மூன்றும் பாதி உண்மை. கெண்டை கசப்பதற்குக் காரணம் கெண்டை கிடையாது. ஈரம் சொட்டச் சொட்ட மீனைத் தொங்கவிட்டு, மூடியை இறுக்கி, வெள்ளைப் புகையில் அடைத்துவைப்பதுதான் காரணம். ஈரமான தோலில் புகையின் தார் போய் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கோடு கோடாக வழிந்திருந்தால் அதுதான் கசப்பு. மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம், காற்றுப் போக வழி இல்லை என்று பொருள்.

உண்மையில் நம் பக்கத்தில் புகை போடச் சுவையான மீன் கெளுத்தியும் விலாங்கும்தான். கொழுப்பு உள்ள மீன் புகையை நன்றாக வாங்கும், காயாமல் மெத்தென்று இருக்கும். விராலில் கொழுப்பு குறைவு, கொஞ்சம் சூடு கூடினாலும் நார் நாராகிவிடும். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முள் குறைவு என்பதுதான். கெண்டை வகைகளான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றிலும் கட்லாவின் வயிற்றுப் பகுதி நன்றாக வரும். கெண்டையின் சதைக்குள் இருக்கும் கவட்டை முள் புகையில் கரையாது. தோலை அறுக்காமல் சதையில் மட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிவிட்டால் சாப்பிடும்போது தொந்தரவு குறையும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தடுமாறும் இடம் இது. மீனைக் கெடாமல் வைப்பது புகை கிடையாது. உப்பு, சூடு, ஈரம் வற்றுவது, இந்த மூன்றும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. புகை மணமும் நிறமும் தரும், மேல்தோலில் கொஞ்சம் காவல் இருக்கும், அவ்வளவே. புகை நன்றாகப் பிடித்துவிட்டது என்று உப்பையும் சூட்டையும் குறைப்பவர்கள்தான் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஏரிக்கரை அக்கா | 4 மே, பகல் 1.30

புகைக்கு முன்னாடி கத்தி வேலை இருக்குதே, அதை யாரும் எழுதலியே.

மீன் கரைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள குடலும் செவுளும் வெளிய வந்துடணும். இந்த மே மாசத்து வெயில்ல அதுக்கு மேல தாங்காது. பித்தப்பையை உடைக்காம எடுங்க. உடைஞ்சா பட்ட இடமெல்லாம் கசக்கும், கழுவினாலும் போகாது, அந்தத் துண்டையே வெட்டி எறிஞ்சிடுங்க. ரோகு, புல்கெண்டை பித்தம் மருந்துன்னு முழுங்குறவங்க இன்னும் இருக்காங்க. அது சிறுநீரகத்தையே கெடுக்கும், தயவுசெஞ்சு வேண்டாம்.

குடல் எடுத்ததும் உள்ள நடுமுள் ஓரமா ஒரு கருஞ்சிவப்புக் கோடு தெரியும். அது ரத்தம். மேல ஒரு சவ்வு மூடியிருக்கும், கத்தி முனையால நீளமாக் கீறிட்டுப் பழைய பல்துலக்கியால தேச்சுக் கழுவணும். அது நின்னுபோச்சுன்னா முதல்ல கெடுறது அந்த இடம்தான். மிர்காலுக்கும் ஜிலேபிக்கும் வயித்துக்குள்ள கறுப்புத் தோல் இருக்கும், அதையும் துணி போட்டு உரிச்சிடுங்க.

கெளுத்தியோட வழவழப்பு போகக் கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுச் சிமெண்ட் தரையில தேய்க்கணும். பக்கத்து முள் ரெண்டையும் முதல்லயே கட்டிங் பிளேயரால ஒடிச்சுட்டு வேலையைத் தொடங்குங்க, குத்துனா கை வீங்கிடும். கெண்டைக்குச் செதிலை எடுக்காதீங்க. செதிலோட இருந்தா தோல் கிழியாம தொங்கும், வெந்ததும் தோலும் செதிலும் சேர்ந்து ஒரே இழுப்புல வந்துடும். முக்காக் கிலோவுக்கு மேல போன மீனை முழுசாப் போடாதீங்க. கருவாட்டுக்கு விரிக்கிற மாதிரி முதுகுப் பக்கம் பிளந்து விரிங்க.

விறகு மண்டி | 4 மே, இரவு 9.05

கடலூர் மாவட்டத்துல விறகுக்கா பஞ்சம். சுருக்கமாச் சொல்றேன்.

கொய்யா முதல் தரம். நிதானமாப் புகையும், மணம் லேசு, கெண்டைக்கு நல்லாப் பொருந்தும். மா, பலா ரெண்டும் நல்லது, ஆனா ஆறு மாசமாவது காஞ்சிருக்கணும். பால் காயாத மாங்கட்டை கண்ணைக் கரிக்கும். சீமைக்கருவேலம் தணலுக்கு நல்லது, புகை கொஞ்சம் காரம். சவுக்கைச் சூட்டுக்கு மட்டும் வச்சுக்கோங்க, கரியாப் போட்டா நின்னு எரியும். தேங்காய் மட்டை போட்டா நிறம் சீக்கிரம் கறுக்கும், மணமும் தூக்கலா இருக்கும். கெளுத்திக்குத் தாங்கும், விராலுக்கு அதிகம். நெல்லு உமியை மரத்தூளோட பாதிக்குப் பாதி கலந்தா அணையாம மணிக்கணக்குல கனியும். கரும்புச் சக்கை குப்புன்னு பத்தி எரிஞ்சுபோயிடும், வேலைக்கு ஆகாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகுதான் மலிவு. கட்டையைப் பட்டை சீவிட்டுக் காய வச்சா போடலாம். ஆனா முந்திரிக்கொட்டை ஓடு கூடவே கூடாது. அந்த ஓட்டு எண்ணெய் கையில பட்டாலே தோல் வெந்துபோகும், அதோட புகையை மீன்லயும் ஏத்த வேண்டாம், நெஞ்சுலயும் ஏத்த வேண்டாம்.

வேப்பங்கட்டை கசக்கும். தைலமரம் மருந்து வாடை. பேக்கிங் பெட்டிப் பலகை பிசின் மரம், புகையெல்லாம் கரி. பிளைவுட், பெயிண்ட் அடிச்ச ஜன்னல் கட்டை, கடற்கரையில ஒதுங்குன உப்பேறிய கட்டை இதெல்லாம் எரிஞ்சா வர்றது விஷம். இன்னொண்ணு: மீனைக் கோக்கக் குச்சி வேணும்னு வேலியில இருக்கிற அரளியை ஒடிச்சுடாதீங்க. அரளி முழுக்க விஷம். மூங்கில் குச்சியைச் சீவிக்கோங்க.

பாகூரான் | 5 மே, காலை 7.10

அரளி சேதி ரொம்ப முக்கியம் அண்ணே, எங்க தெரு முழுக்க அதுதான் வேலி. வீட்டுல 200 லிட்டர் இரும்பு பேரல் ஒண்ணு சும்மா கிடக்குது. அது ஆகுமா? உப்பு ஒரு லிட்டருக்கு எத்தனை டம்ளர்?

கெடிலக்கரை | 5 மே, காலை 9.40

டம்ளர் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு டம்ளர் கல் உப்பும் ஒரு டம்ளர் தூள் உப்பும் ஒரே எடை வராது. மரக்காணத்துக் கல் உப்பில் ஈரமும் சேர்ந்திருக்கும், அதனால் தராசு வேண்டும். சமையல் தராசு போதும்.

கணக்கு இது. குடல் நீக்கிய மீன் ஒரு கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு 70 கிராம். மீனுக்குள்ளேயே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் இருக்கிறது. இரவு முழுக்க ஊறினால் உள் தண்ணீரும் வெளித் தண்ணீரும் சமமாகும். அப்போது மீனின் ஈரத்தில் ஏறக்குறைய மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு நிற்கும். பிறகு புகையில் ஈரம் வற்றும்போது இன்னும் ஏறும். நேரம் முன்பின் ஆனாலும் இந்த முறையில் உப்புக் கரிக்காது. அதற்கு மேல் ஏற உப்பே இல்லை. மீனும் தண்ணீரும் சம எடையாக இருப்பதுதான் சூட்சுமம். ஒரு கிலோ மீனை நான்கு லிட்டரில் முக்கினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

பிரிட்ஜில் 10 முதல் 12 மணி நேரம். வெளியே வைக்க வேண்டாம். பெரிய பாத்திரம் பிரிட்ஜில் நுழையாவிட்டால் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் குளிரூட்டலாம். ஆனால் ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் உருகி உப்பு நீர்த்துப்போகும். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து மூடியோடு உள்ளே போடுங்கள்.

வெல்லம் 20 கிராம் கரைத்தால் நிறம் பொன்னாக வரும். மஞ்சள்தூள் போடலாம், அதன் மணம் புகையோடு சண்டை போடும், எனக்கு உடன்பாடு இல்லை. பூண்டும் மிளகும் தட்டிப் போடுவது அவரவர் நாக்கு.

வெல்டிங் பட்டறை | 5 மே, மாலை 6.20

பேரலைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. முதல்ல அதுல என்ன இருந்ததுன்னு பாருங்க. பூச்சிமருந்து, ஆசிட், பெயிண்ட், தின்னர் இருந்த பேரல்னா எடைக்குப் போட்டுடுங்க. சமையல் எண்ணெய் இருந்ததுன்னா எடுத்துக்கலாம். மூடின பேரல்ல காலியா இருக்கும்போது கட்டிங் வைக்கவே கூடாது. உள்ள நிக்கிற ஆவி வெடிக்கும். தண்ணி நிரப்பி, வெட்டுற கோட்டுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நிக்கவிட்டு, கட்டிங் வீலைவிட உளியும் சுத்தியலும் வச்சு மூடியை எடுக்கிறது நல்லது.

அப்புறம் உள்ள விறகு அடுக்கி ரெண்டு மூணு மணி நேரம் நல்லாப் பழுக்க எரியவிடுங்க. உள் பூச்சு, வெளிப் பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு வெறும் இரும்பு தெரியணும். கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, சோப்புத் தண்ணியில கழுவி, காஞ்சதும் உள்பக்கம் நல்லெண்ணெய் தடவி மறுபடி ஒரு தடவை சூடு காட்டுங்க. துருப் பிடிக்காது.

அளவு: அடியிலருந்து நாலு விரக்கடை மேல, சுத்திச் சம இடைவெளியில ஒரு அங்குல ஓட்டை மூணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தகடு, நட்டு போல்ட்ல திருகி மூடித் திறக்கிற மாதிரி. அதுதான் தீயோட கடிவாளம். தணல் தட்டு அடியிலருந்து ஒரு சாண் உயரம், கால் வச்சு நிக்கணும். தணலுக்கும் தொங்குற மீனுக்கும் நடுவுல ஒரு தடுப்புத் தகடு, பேரல் விட்டத்தைவிட ரெண்டு அங்குலம் சின்னது. நடுவுல ஓட்டை வேண்டாம், ஓரமாத்தான் புகை ஏறணும். கொழுப்பு சொட்டுனா இந்தத் தகட்டுல விழும், தீயில விழாது. மூடியில மூணு அங்குலக் குழாய், அதுக்கு ஒரு மூடி. மேல் விளிம்புக்கு 10 சென்டிமீட்டர் கீழ எதிரெதிரா ஓட்டை போட்டு 6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி நாலு.

கோழிவலை, ஜி.ஐ. கம்பி உள்ள போடாதீங்க. துத்தநாகப் பூச்சு சூட்டுல உரியும், மீனோட புளிப்புக்கும் உப்புக்கும் கரையும். கொக்கியும் எவர்சில்வர்தான்.

ஏரிக்கரை அக்கா | 6 மே, காலை 11.00

கெடிலக்கரை தம்பி உப்புக் கணக்கு சரி. ஆனா அதுக்கு முன்னாடி புளித்தண்ணி விட்டுப்போச்சு. ஜிலேபிக்குச் சேத்து வாடை போகாதுன்னு சொன்னாங்களே, அதுக்கு வழி அதுதான்.

ரெண்டு எலுமிச்சம்பழ அளவு புளியை ஒரு லிட்டர்ல கரைச்சு, பிளந்த மீனை 20 நிமிஷம் போட்டுக் கழுவிட்டு அப்புறம் உப்புத்தண்ணியில போடுங்க. அதுக்கு மேல வச்சா சதை வெளுத்துத் தொளதொளன்னு ஆகிடும். உயிரோட கிடைச்ச விரால், கெளுத்தின்னா இன்னும் நல்லது. ரெண்டும் மேல வந்து காத்துக் குடிக்கிற மீன், சிமெண்ட் தொட்டியில தாங்கும். தீனி போடாம, தினம் தண்ணி மாத்தி நாலு நாள் விட்டா வாடை தானா இறங்கிடும். தொட்டியை வலை போட்டு மூடுங்க, விரால் எகிறிக் குதிச்சுடும்.

ஆய்வகத்தார் | 6 மே, பிற்பகல் 3.45

அக்கா சொன்னதற்குக் காரணம் உண்டு. சேற்று வாடைக்குச் சேறு பொறுப்பில்லை. தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. அது செவுள் வழியாகப் போய்க் கொழுப்பில் தங்குகிறது. அதனால்தான் தோலடியிலும் வயிற்று மடிப்பிலும் பக்கவாட்டுச் செஞ்சதையிலும் வாடை தூக்கலாக இருக்கும். புளிப்பில் ஜியோஸ்மின் மணமற்ற வேறு பொருளாக மாறும். ஏரி வற்றி, தண்ணீர் பச்சை பிடித்திருக்கும் சித்திரை வைகாசியில் பிடிக்கும் மீனில் வாடை அதிகம். மழைக்குப் பின் புதுத் தண்ணீரில் குறையும்.

இனி நான் எழுத வந்தது. இந்த இழையில் கருவாடு என்ற சொல் வந்துவிட்டது, அதனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பேசுவது சுடுபுகை மீன். வெந்த மீன், ஈரமுள்ள மீன். கருவாடு மாதிரி உறியில் தொங்கவிடவோ டப்பாவில் அடைத்து அலமாரியில் வைக்கவோ கூடாது.

மீனின் நடுச்சதை 65 டிகிரி தொட்டு, அந்தச் சூட்டில் 30 நிமிடம் நிற்க வேண்டும். ஒரு மீனில் பார்த்தால் போதாது, இருப்பதிலேயே பருத்த மீனின் தலைக்குப் பின் உள்ள தடித்த இடத்தில் கம்பித் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். முள்ளில் முட்டினால் தவறாகக் காட்டும். தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100. கடல் மட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால் இங்கே 100 அப்படியே வரும்.

இந்தச் சூட்டில் சாதாரணக் கிருமிகளும் புழுக்களும் சாகும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாகா. அவை காற்று இல்லாத இடத்தில் முளைத்து நஞ்சு சுரக்கும், மீனைத் தாக்கும் வகை பிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரக் கூடியது. நாற்றமோ நிற மாற்றமோ காட்டாது. ஆகவே வீட்டில் போட்ட புகைமீனை வேக்கம் பேக் செய்யாதீர்கள். எண்ணெயில் மூழ்கடித்துப் பாட்டிலில் ஊறுகாய் போல் வைக்காதீர்கள். காகிதத்தில் தளரச் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில், ஒரு வாரத்துக்குள். மேலும் வேண்டும் என்றால் அன்றே ஃபிரீசரில், இரண்டு மூன்று மாதம்.

பாகூரான் | 6 மே, இரவு 8.30

வெளிநாட்டு வீடியோக்கள்ல குளிர்புகைன்னு ஒண்ணு காட்டுறாங்களே, தீ ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், ரெண்டு நாள் புகை. அது?

ஆய்வகத்தார் | 6 மே, இரவு 8.50

கடலூரிலும் புதுவையிலும் வேண்டாம். குளிர்புகைக்குக் கூண்டின் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும். நம் ஊரில் நிழலின் வெப்பமே அதைத் தாண்டும். மீன் பச்சையாகவே இருக்கும், ஏரி மீனில் புழு இருக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தால் புழு சாகும் என்பது சரி, வீட்டு ஃபிரீசர்கள் பெரும்பாலும் அந்தக் குளிரைத் தொடுவதில்லை.

கெடிலக்கரை | 7 மே, காலை 6.30

இப்போது தீ மூட்டலாம்.

ஊறிய மீனை ஒரு முறை தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் தொங்கவிட்டு டேபிள் ஃபேன் போடுங்கள். கொசுவலை கட்டாயம், ஈ ஒரு நிமிடத்தில் முட்டையிடும். வெயிலில் வைக்காதீர்கள், கொழுப்பு காறிவிடும். ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்தில் மேலே பளபளப்பான மெல்லிய ஏடு கட்டும். விரலால் தொட்டால் பசை மாதிரி ஒட்டும், ஆனால் விரலில் ஈரம் வராது. அதுதான் பதம். அந்த ஏட்டில்தான் புகை சீராகப் பிடிக்கும். அது கட்டாமல் பேரலில் ஏற்றினால் முதல் பதிவில் சொன்ன தார்க் கோடுதான்.

பேரலுக்கு நான்கைந்து கிலோ மீன், ஒன்றோடொன்று இரண்டு விரல் இடைவெளி. சவுக்குக் கரி இரண்டரைக் கிலோவைத் தனியே அடுப்பில் கனியவைத்து, சாம்பல் பூத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுக்கு மாற்றுங்கள்.

முதல் முக்கால் மணி நேரம் 35–40 டிகிரி, மேல் குழாய் முழுக்கத் திறந்து. புகை வேண்டாம், காய்ச்சல் மட்டும். இரண்டாவது கட்டம் 50–55 டிகிரி, ஒன்றரை மணி நேரம், கொய்யாத் தூளும் உமியும் கைப்பிடி கைப்பிடியாக. புகை மெல்லிசாக, நீலம் பாய்ந்து போக வேண்டும். கெட்டியான வெள்ளையோ மஞ்சளோ வந்தால் அடித் துளையைத் திறந்து காற்றுக் கொடுங்கள். மூன்றாவது கட்டம் 80–90, தடித்த இடம் 65 தொட்டு அரைமணி நிற்கும் வரை. மொத்தம் நாலரை, ஐந்து மணி நேரம்.

இந்தப் படிகளைத் தாண்டி முதலிலேயே 90க்குப் போனால் இரண்டு நடக்கும். வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபடும், சதையிலிருந்து தயிர் திரண்டது மாதிரி வெள்ளைப் பொட்டுகள் கசியும். அதைவிட மோசம், சதை இறுகும் முன்பே வெந்து இளகி மீன் கொக்கியிலிருந்து கழன்று தகட்டில் விழும். கொக்கியைச் செவுளில் மாட்டாமல் வாலுக்கு மேல், நடுமுள்ளுக்கு அடியில் மாட்டுங்கள். பிளந்து விரித்த மீனுக்கு மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்கே கோத்துத் தொங்கவிடலாம்.

இறக்கியதும் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து, இரண்டே நாளில் பூஞ்சை. நன்றாக வந்த கெளுத்தி எப்படி இருக்கும் என்றால், முதுகு வெல்லப் பாகு நிறம், வயிறு பொன் நிறம், வயிற்று விளிம்பு லேசாக வெளிப்பக்கம் சுருண்டிருக்கும். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் சதை விட்டுப் பிரியும், முள்ளை ஒட்டிச் சிவப்பு இருக்காது.

நெல்லித்தோப்பு மாடிவீடு | 12 மே, மாலை 5.15

பேரலுக்கு இடமில்லாத அடுக்குமாடிக்காரங்களுக்கு ஏதாவது வழி? குக்கர்ல போடலாமா?

ஏரிக்கரை அக்கா | 12 மே, மாலை 6.40

குக்கர் வேண்டாம்மா, வறட்டுச் சூட்டுல கேஸ்கட் உருகி அந்த நாத்தம் மீன்ல ஏறும். அலுமினிய இட்லிப்பானையும் வெறும் சூட்டுல வளைஞ்சுபோகும். பழைய இரும்புச் சட்டி, மேல பொருந்துற கனமான மூடி இருந்தாப் போதும். சட்டி அடியில ஃபாயில் ரெண்டு மடிப்பு, அதுல மூணு மேசைக்கரண்டி மா இல்ல கொய்யா மரத்தூள். அதுக்கு மேல ஒரு தட்டு, சொட்டுற கொழுப்பு தூள்ல விழாம இருக்க. அதுக்கு மேல கம்பி ஸ்டாண்ட். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல தடிமன் இல்லாத துண்டு மட்டும். மூடி விளிம்பு சுத்தி ஈரத்துணி.

நடுத்தரத் தீயில வச்சுப் புகை எட்டிப் பாத்ததும் சிம்ல 25 நிமிஷம். இதுல காய்ச்சல் கட்டமே கிடையாது, அதனால ஃபேன் காத்துல ஏடு கட்டினது நல்லாவே கட்டியிருக்கணும். தெர்மாமீட்டர் 65 காட்டுதான்னு பாத்து அரைமணி அதே சூட்டுல நிறுத்துங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, எக்ஸாஸ்ட் போடுங்க. கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துடாதீங்க, மூடின ரூம்ல அந்தக் காத்து ஆளைக் கொல்லும்.

விறகு மண்டி | 17 ஜூன், காலை 10.20

ஜூன் 14ஓட தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போயாச்சு, சூரை வரத்து வரும். இந்த பேரல்லயே மாசிக் கருவாடு போட முடியுமான்னு கடையில ரெண்டு பேர் கேட்டாங்க.

கெடிலக்கரை | 17 ஜூன், இரவு 7.55

மாசி வேறு பாதை. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் சூரையை முதலில் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பிறகு புகையிட்டு, அப்புறம் பல நாள் வெயிலில் கட்டை மாதிரி காயவைக்கிறார்கள். அலமாரியில் நிற்பதற்குக் காரணம் அந்தக் காய்ச்சல்தான். நாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதற்கு மாசியே சான்று. பேரலில் ஒரு தடவை போட்ட புகையோடு நிறுத்திவிட்டு மாசி என்று வைத்துக்கொண்டால் கெட்டுப்போகும். தவிர, சூரையை வெளியே சூட்டில் விட்டால் அதில் உருவாகும் ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது. பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்த சூரை மட்டும் எடுங்கள்.

ஆய்வகத்தார் | 19 ஜூன், காலை 9.00

புற்றுநோய் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில். கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போதும் விறகு கொழுந்துவிட்டு எரியும்போதும் பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உண்டாகிப் புகையோடு மீனில் படிகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் புகைமீனுக்கு வைத்திருந்த உச்சவரம்பை 2014 செப்டம்பரில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆகக் குறைத்தது. பட்டறைக்காரர் சொன்ன தடுப்புத் தகடு அதனால்தான் அலங்காரம் இல்லை. கொழுந்து தெரிந்தால் அடித் துளையை மூடுங்கள். தோலை உரித்துவிட்டுச் சாப்பிட்டால் படிந்ததில் பெரும்பகுதி தோலோடு போகும். தினசரி உணவாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

வெல்டிங் பட்டறை | 19 ஜூன், காலை 9.35

தகட்டை ஒவ்வொரு தடவையும் சுரண்டிக் கழுவுங்க. பழைய கொழுப்பு அதுலயே நின்னா அடுத்த தடவை தகடே எரியும். தகட்டு மேல ஒரு விரக்கடை மணல் பரப்பிட்டா கொழுப்பை உறிஞ்சிக்கும், வேலை முடிஞ்சதும் மணலைக் கொட்டிடலாம்.

பாகூரான் | 9 நவம்பர், காலை 7.25

மழை பிடிச்சதுலருந்து ஏடு கட்டவே மாட்டேங்குது. ஃபேன் போட்டு நாலு மணி நேரம் ஆனாலும் மீன் நசநசன்னே இருக்குது. மத்ததெல்லாம் இழையில சொன்னபடிதான்.

கெடிலக்கரை | 9 நவம்பர், காலை 8.40

ஐப்பசி கார்த்திகையில் கடலோரக் காற்றே ஈரம். ஈரக் காற்றை ஃபேன் எவ்வளவு வீசினாலும் மீனின் ஈரம் போக இடமில்லை. நேரத்தை நீட்டாதீர்கள், அறைச்சூட்டில் மீன் அதற்குள் கெடத் தொடங்கும். இரண்டு வழி. மீனைக் கம்பித் தட்டில் மூடாமல் பிரிட்ஜுக்குள் இரவு முழுக்க வையுங்கள். பிரிட்ஜின் காற்று வறண்டது, காலையில் ஏடு கட்டியிருக்கும். பாலும் மாவும் உள்ளே இருந்தால் அவற்றை மூடிவிடுங்கள், வாடை ஏறும். இல்லையென்றால் பேரலின் முதல் கட்டத்தை முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரமாக்கி, மேல் குழாயையும் மூன்று அடித் துளைகளையும் முழுக்கத் திறந்து வெறும் கரிச் சூட்டில் காயவிடுங்கள். சூடேறிய காற்று ஈரத்தை வாங்கும். ஏடு கட்டியதைத் தொட்டுப் பார்த்த பிறகே மரத்தூள்.

விறகும் தூளும் ஈரமாக இருக்கும் காலம் இது. மண்டிக்காரர் என்ன சொல்கிறார்?

விறகு மண்டி | 9 நவம்பர், பகல் 12.10

தூளைச் சாக்குல வைக்காதீங்க, பூஞ்சை பிடிச்ச தூளைப் போட்டா அந்த மக்கு வாடை அப்படியே மீன்ல நிக்கும். மூடி போட்ட டின்ல வைங்க. போடுறதுக்கு முந்தின நாள் அடுப்பு அணைஞ்ச சூட்டுல தட்டுல பரப்பிட்டாப் போதும்.

ஏரிக்கரை அக்கா | 9 நவம்பர், பகல் 2.00

குழம்பு எப்படின்னு எல்லாரும் கேக்குறீங்க, அதையும் எழுதிடறேன். கத்திரிக்காய், முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்பு கொதிச்சு எண்ணெய் பிரியட்டும். உப்பை வழக்கத்துல பாதி போடுங்க, மீன்ல இருக்குது. தோலும் முள்ளும் எடுத்த புகைமீனைப் பெரிய துண்டாப் பிச்சுக் கடைசிப் பத்து நிமிஷம் போட்டுக் கொதிக்க விடுங்க. முதல்லயே போட்டா புகை மணம் முழுக்கக் குழம்புக்குப் போயி மீன் சக்கையாகிடும். கெண்டையைக் குழம்புல போடாதீங்க, கவட்டை முள்ளு சோத்துல கலந்துடும். அதை உதிர்த்து முள் பாத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த்துருவல் போட்டுப் புட்டு மாதிரி வதக்கிக் கம்பங்கூழுக்குத் தொட்டுக்கோங்க. தலையை வீணாக்காதீங்க, ரசத்துக்கு ஆகும்.

ஆய்வகத்தார் | 9 நவம்பர், பிற்பகல் 2.30

அந்தப் பத்து நிமிடக் கொதிப்பை யாரும் குறைக்க வேண்டாம். முன்னர் சொன்ன பாட்டுலினம் நஞ்சு 85 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் அழியும். பிரிட்ஜில் இருந்து எடுத்த புகைமீனைக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு அப்படியே கொடுக்காமல் கொதிக்கவைத்தே கொடுங்கள். மழையில் கரண்ட் நான்கு மணி நேரத்துக்கு மேல் போய், தொட்டால் குளிர்ச்சி இல்லாமல் இருந்த மீனை மட்டும் கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.